பட்டியலில் இல்லாத அப்பாயி: பெருந்தொற்றின் சாவுக் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைனிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் அப்பாயிக்கு வாரம் இரண்டு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து பஸ் நின்றது. வண்டிக்கு அனுமதி வாங்க அலைந்ததில் சில வாரம் ஒரு தடவைதான் போக முடிந்தது, சில வாரம் அதுவும் இல்லை. மே மாதம் இறந்துவிட்டார். கொரோனா பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் மாரடைப்பு. “கொரோனா சாவுப் பட்டியலில் அப்பாயி இல்லை. கொரோனா வராமல் இருந்திருந்தால் அவர் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார். அப்படியானால் நீலகிரியில் கொரோனா எத்தனை பேரைக் கொன்றது? யாராவது அதை அளக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிருமியால் செத்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று. கிருமி வந்த காலத்தால் செத்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒவ்வொரு ஆளாகப் பார்த்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு ஒரு ஊரை, ஒரு வட்டாரத்தை, ஒரு மாவட்டத்தை மொத்தமாக வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அந்தக் கணக்கில் உங்கள் அப்பாயி இருப்பார், ஆனால் அவர் பெயர் இருக்காது. சுற்றிவளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாவட்டத்தில் சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தேன். கூடலூர், கோத்தகிரி, குந்தா என்று மாறி மாறி வேலை. பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, காசநோய், பிரசவம் எல்லாம் மாதாமாதம் என் மேசைக்குத் தாளாக வந்து, எண்ணாக மேலே போகும். நான் மருத்துவர் இல்லை. ஒருவரைப் பார்த்து எதனால் இறந்தார் என்று சொல்லும் படிப்பு எனக்குக் கிடையாது. எண்கள் எங்கே உண்மை பேசும், எங்கே நழுவும் என்பது மட்டும் தெரியும்.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் வகுத்த விதி இப்படி: தொற்று உறுதியான அல்லது தொற்று என்று நம்பத்தக்க ஒருவர், அந்த நோய்க்குப் பொருந்தும் உடல்நலக் கேட்டால் இறந்தால் அது கோவிட் இறப்பு, விபத்து போல வேறு தெளிவான காரணம் இருந்தால் இல்லை. இந்திய அரசு 2021 செப்டம்பரில், தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால், ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தாலும், அதைக் கோவிட் இறப்பாகக் கொள்ளலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நடைமுறையில் இரண்டிலும் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான், பரிசோதனை. பரிசோதனை நடக்காத இடத்தில் கோவிட் சாவே நடக்காதது போலப் பட்டியல் தோற்றம் தரும். நடந்த இடத்திலும் சீட்டில் ‘இதயமும் மூச்சும் நின்றது’ என்று எழுதிவிட்டால் எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடும். இதயமும் மூச்சும் எல்லோருக்கும்தான் கடைசியில் நிற்கிறது. அது சாவின் அடையாளம், காரணம் ஆகாது. இதைப் பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ முறை சொல்லியிருப்போம். இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் அதைவிட மேல் என்றாலும், லைன் வீட்டிலும் ஆதிவாசிக் குடியிருப்பிலும் நடக்கும் சாவுக்குப் பெரும்பாலும் யாரும் காரணம் எழுதுவதில்லை.

அதனால்தான் காரணத்தை விட்டுவிட்டுத் தலையை மட்டும் எண்ணும் வழி வந்தது. கூடுதல் இறப்பு என்று அதற்குப் பெயர். லண்டனில் 1847இல் இன்ஃபுளுயன்சா வந்தபோது வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர் இதைச் செய்து காட்டினார். இந்தக் காலத்தில் வழக்கமாக இத்தனை பேர் இறப்பார்கள், இந்தத் தடவை இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நோய்க்காலத்தின் விலை. இந்தக் கழித்தலில் கிருமியால் நேராகச் செத்தவரும் வருவார், டயாலிசிஸ் தவறிச் செத்த அப்பாயியும் வருவார். அதுதான் இந்த முறையின் பலம். இரண்டு பேரையும் பிரித்துக் காட்டத் தெரியாது என்பது அதன் குறை.

இந்த முறையில் போட்ட பெரிய கணக்குகளைச் சொல்கிறேன். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்க 1 கோடியே 49 லட்சம் கூடுதல் இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதே காலத்தில் நாடுகள் பட்டியலிட்ட கோவிட் இறப்பு சுமார் 54 லட்சம். இந்தியாவுக்கு அது சொன்ன எண் 47 லட்சம். அரசுப் பட்டியலில் 2021 முடிவில் இருந்தது 4.8 லட்சம். மதிப்பீடு செய்த முறை தவறு என்று இந்திய அரசு மறுத்தது. பின்னால் வந்த குடிமைப் பதிவு அறிக்கைகளில் நாடு முழுக்கப் பதிவான இறப்புகள் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1 கோடியே 2 லட்சம். 2021இல் ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏறியிருக்கிறது. இதில் ஒரு பங்கு பதிவுப் பழக்கம் கூடியதாலும் வந்திருக்கும். முழுவதையும் பெருந்தொற்றின் தலையில் வைக்க முடியாது. ஆனாலும் பட்டியல் எண்ணைவிட உண்மை பல மடங்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எத்தனை மடங்கு என்பதில்தான் சண்டை, அந்தச் சண்டை நியாயமானது. சென்னையில் 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூன் வரை இறப்புப் பதிவேடுகளை வைத்துப் போட்ட ஆய்வில் சுமார் 26 ஆயிரம் கூடுதல் இறப்புகள் தெரியவந்தன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாச் சாவும் பதிவாகிவிடுவதால் இங்கே இந்த முறை உறுதியான தரையில் நிற்கிறது.

சரி, இதை அப்படியே நீலகிரிக்குக் கொண்டுவந்து போட்டால் ஆயிற்றா? இங்கேதான் மலை குறுக்கே வருகிறது.

முதல் இடைஞ்சல், சாவு எங்கே எழுதப்படுகிறது என்பது. சட்டப்படி இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், இறந்தவர் குடியிருந்த இடத்தில் இல்லை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன்னால் கை மீறின கேஸ் என்றால் 108 வண்டி கோவைக்குத்தான் இறங்கும். குன்னூர்க்காரர் கோவையில் இறந்தால் கோவையின் கணக்கு ஏறும், நீலகிரியின் கணக்கு குறையும். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் அப்படி இறங்கித் திரும்பாதவர்களை நம் மாவட்டத்து எண்ணில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இது தலைகீழ். அங்கே உள்ளவர்கள் காலங்காலமாகச் சுல்தான் பத்தேரிக்கும் மைசூருக்கும்தான் வைத்தியத்துக்குப் போவார்கள். 2020இல் மாநில எல்லைகளை அடைத்ததும் வயநாட்டிலோ மைசூரிலோ நடந்திருக்கக்கூடிய சாவுகள் வீட்டிலேயே நடந்தன. பதிவேட்டைப் பார்த்தால் கூடலூரில் சாவு திடீரென்று கூடியது போலத் தெரியும். அதில் எவ்வளவு உண்மையான ஏற்றம், எவ்வளவு வெறும் இடமாற்றம் என்று பிரிக்காமல் ‘கூடுதல் இறப்பு’ என்று எழுதுவது தப்பு. என் மேசையில் இருந்தவர்களே அந்தத் தப்பைச் செய்யப் பார்த்திருக்கிறார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் படித்தேன்.

இரண்டாவது, எத்தனை பேரில் இத்தனை சாவு என்பது. நீலகிரியின் மக்கள்தொகை 2001இல் 7,62,141. 2011இல் 7,35,394. பத்து ஆண்டில் சுருங்கிய மாவட்டம் இது. இளவட்டங்கள் திருப்பூர், கோவை, பெங்களூர் என்று இறங்கிப்போக, வயதானவர்கள் மலையில் தங்கிவிட்டார்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதே பெருந்தொற்றால் தள்ளிப்போனது. ஆக, பெருந்தொற்றை அளக்க வேண்டிய அளவுகோலையே பெருந்தொற்று பிடுங்கிக்கொண்டது. போதாததற்கு 2020 ஏப்ரலில் இறங்கிப்போன பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பினார்கள். தலை கூடியது, கூடியவை இளம் தலைகள். எந்த எண்ணால் வகுப்பது?

மூன்றாவது, ‘வழக்கம்’ என்றால் எது? பொதுவாக 2015 முதல் 2019 வரை ஐந்து ஆண்டுச் சராசரியை எடுப்பார்கள். முதியவர் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிற மாவட்டத்தில் வெறும் சராசரி போதாது. அந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் 2020இல் எத்தனை எதிர்பார்க்கலாம் என்று போட வேண்டும். இல்லாவிட்டால் வயோதிகத்தின் கணக்கைக் கொரோனாவின் பேரில் எழுதிவிடுவோம். அந்த ஐந்து ஆண்டும் சாதுவான ஆண்டுகள் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு மாதத்தை வழக்கத்தில் சேர்ப்பதா, விடுவதா என்று முடிவெடுத்து, எடுத்த முடிவை வெளியே சொல்லவும் வேண்டும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கடினம். நாம் சின்ன மாவட்டம். கணக்குக்காக ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏழு சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு லட்சம் பேரில் சுமார் ஐயாயிரம். எந்த நோயும் வராத ஆண்டிலும் இந்த ஐயாயிரம் தானாகவே 140 வரை மேலும் கீழும் ஆடும். சாவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல இருமடங்கு ஆடும் என்பது எங்கள் கைக்கணக்கு. ஆக 140க்குள் வரும் வித்தியாசத்தை வைத்து எதையும் சாதிக்க முடியாது. மாவட்டத்தை விட்டு ஒரு வட்டாரத்துக்குப் போனால் எண்பதாயிரம் பேர், சுமார் 560 சாவு, ஆட்டம் 47. அதையே மாதமாக உடைத்தால் மாதத்துக்கு 47 சாவு, ஆட்டம் 14. மாதத்தில் பத்துச் சாவு கூடினால் ஊரே பதறும், புள்ளிவிவரம் அசையாது. ஆதிவாசி மக்களுக்கு இது இன்னும் கொடுமை. மாவட்டத்தில் 2011 கணக்குப்படி சுமார் 33 ஆயிரம் பழங்குடியினர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று பிரித்தால் சில சமூகங்கள் ஆயிரம், இரண்டாயிரம் பேர்தான். அவர்களில் ஐந்து மூப்பர்கள் ஒரே பருவத்தில் போனால் ஒரு மொழியின் பாட்டுகள் போய்விடும். கூடுதல் இறப்புக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது.

அப்படியானால் நேரடிச் சாவையும் மறைமுகச் சாவையும் பிரிக்கவே முடியாதா? ஓரளவு முடியும். காலத்தை வைத்துப் பிரிக்கலாம். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்க 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்து, எத்தனை பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று பார்த்தார்கள். மாநில அளவில் 31.6 சதவீதம். பெரம்பலூரில் 51. நீலகிரியில் 11, மாநிலத்திலேயே குறைவு. இதை உங்கள் அப்பாயி இறந்த மே மாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். அக்டோபரிலேயே பத்தில் ஒருவரைத்தான் கிருமி தொட்டிருந்தது என்றால் மே மாதத்தில் அது மலையில் அரிதாகத்தான் இருந்திருக்கும். ஆகவே 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நீலகிரியில் சாவு எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தால், அதில் பெரும்பங்கு கிருமியால் இருக்க வழியில்லை. பஸ்ஸால், மாத்திரையால், அடைத்த வாசலால், பயத்தால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். 2021 மே, ஜூனில் கூடியதோ பெரும்பாலும் கிருமியின் வேலை. நீலகிரி மாதிரி தொற்று தாமதமாக ஏறிய இடங்கள்தான் மறைமுகப் பாதிப்பைத் தனியாகப் பார்க்கக் கிடைத்த ஜன்னல் என்பது என் கருத்து. சென்னையில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து கலந்துவிட்டன.

மறைமுகம் என்றால் எப்போதும் கூடுவது என்று நினைக்க வேண்டாம். குறையவும் செய்யும். நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2019இல் 1,51,113, 2020இல் 1,31,714. வண்டி ஓடாததால் இருபதாயிரம் உயிர் பிழைத்தது. அதே சமயம் தற்கொலைகள் 1,39,123இலிருந்து 1,53,052க்கு ஏறின. கூடுதல் இறப்பு என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்தக் கூட்டலும் கழித்தலும் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும். நியூசிலாந்தில் 2020இல் சாவு வழக்கத்தைவிடக் குறைந்தது. ஊரடங்கு யாரையும் கொல்லவில்லை என்பதற்கு இதைச் சாட்சி சொல்பவர்கள் உண்டு. டயாலிசிஸுக்கு வீட்டு வாசலில் வண்டி வரும் ஊருக்கும், டிக்கெட் எடுத்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் மலை இறங்க வேண்டிய ஊருக்கும் அந்தச் சாட்சி ஒன்றாகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா வந்தபோது அந்நோயால் சுமார் 11,300 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரிகள் முடங்கியதால் மலேரியா, எச்ஐவி, காசநோயில் கூடுதலாக இறந்தவர்கள் 10,600 பேருக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு. நிழலும் உருவமும் ஏறக்குறைய ஒரே அளவு.

சாவை மட்டும் எண்ணினால் இன்னும் பாதி விட்டுப்போகும். இந்தியாவில் காசநோய் என்று கண்டறிந்து பதிவானவர்கள் 2019இல் 24 லட்சம். 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. விட்டுப்போன அந்த ஆறு லட்சத்தில் பலர் இருமிக்கொண்டே வீட்டில் இருந்திருப்பார்கள், பக்கத்தில் படுத்த பேரப்பிள்ளைக்கும் கொடுத்திருப்பார்கள். அவர்களில் சிலரின் சாவு 2022இலோ 2024இலோ வரும். அப்போது யாரும் அதைப் பெருந்தொற்றோடு சேர்க்க மாட்டார்கள். உலக அளவில் முத்தடுப்பு ஊசியின் மூன்றாம் தவணை போட்ட குழந்தைகள் 2019இல் 86 சதவீதம், 2021இல் 81. நம் மாவட்டத்தில் செவிலியர்கள் ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு லைன் லைனாக நடந்ததை நேரில் பார்த்தேன். அவர்கள் நடந்திராவிட்டால் இங்கேயும் சரிந்திருக்கும். சுகர், பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முந்தைய பதினாறு மாதம் மாத்திரை விட்டுப்போனவர்களின் சிறுநீரகமும் கண்ணும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இப்படிப்பட்ட இழப்பை அளக்க, அகாலத்தில் போன ஆண்டுகளையும் நோயோடு கழித்த ஆண்டுகளையும் கூட்டிப் பார்க்கும் அளவைகள் உண்டு. நாற்பது வயது ஃபேக்டரித் தொழிலாளியின் சாவு எண்பது வயதுக்காரரின் சாவைவிட அந்த அளவையில் பல மடங்கு கனமாக வரும். திட்டம் போட அது உதவும். ஒரு வீட்டில் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆளைப் பார்த்துச் சொல்லும் ஒரு வழியும் இருக்கிறது. சாவு நடந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு லைனில் அப்படி ஒரு அம்மாவிடம் கேட்டேன். வீட்டுக்காரருக்கு இன்சுலின். எஸ்டேட் டிஸ்பென்சரியில் தீர்ந்துபோய், கடைக்குப் போக வழியில்லாமல், ஊசியைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டாராம். “காசு இருந்துச்சு சார், கடை இல்ல” என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதினேன். இந்த விசாரணையில் கிடைப்பதும் முழு உறுதி இல்லை. மாதங்கள் கழித்துக் கேட்கும்போது துக்கம் காரணங்களை வரிசை மாற்றி அடுக்கும். ஆனாலும் இருபது முப்பது வீட்டில் ஒரே மாதிரி பஸ், மாத்திரை, பயம் என்று வந்தால் அதை ஒதுக்க முடியாது.

இனி உங்கள் அப்பாயி. கோவிட் பட்டியலில் அவர் இல்லாதது விதிப்படி சரி. தொற்று இல்லாதவரை அதில் சேர்த்தால் பட்டியல் கெடும். டயாலிசிஸ் தவறியது அவர் சாவை முன்னுக்கு இழுத்திருக்கும் என்பதும் சரி. வாரம் இரண்டு நாள் வேண்டிய சிறுநீரகத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். சீட்டில் எழுதிய மாரடைப்பு அதுவாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்றுதான். பஸ் ஓடியிருந்தால் அவர் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. டயாலிசிஸில் இருந்த நூறு பேரை ஒன்றாக வைத்துக் கேட்டால் பதில் உண்டு. ஒருவருக்குக் கேட்டால் இல்லை.

மாவட்டத்துக்கான எண்ணைத் தேடிப் பார்க்க நீங்கள் விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 2015 முதல் 2022 வரை மாதவாரியாக இறப்பு எண்ணிக்கை கேளுங்கள். பதிவு செய்த தேதி வேண்டாம், இறந்த தேதிப்படி என்று தெளிவாக எழுதுங்கள்; ஊரடங்கில் அலுவலகம் பூட்டியிருந்ததால் ஏப்ரல் சாவுகள் பல ஜூலையில்தான் எழுதப்பட்டன. வயதுவாரியாகவும் கேளுங்கள். முக்கியமாக, இறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த ஊர் என்று ஒரு வரி இருக்கும். நீலகிரியைக் குடியிருப்பாகக் கொண்டு கோவை மாவட்டத்தில் பதிவான இறப்புகளை அந்த வரியை வைத்துத் தனியே எடுத்துத் தரச் சொல்லி, கோவைக்கும் ஒரு மனு போடுங்கள். எடுத்துத் தர நாளாகும், ஒரு முறை திருப்பியும் அனுப்புவார்கள். எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலான ஐந்து மாதத்தை முதலில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.